சினைக் குதிரைக்கு மாட்டுக் கணக்கு ஆகாது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இதுவரை பசுமாடுகள்தான் வளர்த்தோம். இப்போது 350 கிலோ எடையுள்ள மார்வாரி பெண்குதிரை ஒன்று 9 மாதச் சினையாக நிற்கிறது. மாட்டுத் தீவனத்தையே வைக்கலாமா? எப்போது குட்டி போடும்?
– வாசகர், அந்தியூர்

பதில்: முதலில் மாட்டுத் தீவன மூட்டையை லாயத்தை விட்டு வெளியே எடுங்கள். மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாடும் கோழியும் தாங்கும் அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவனம் அள்ளும் கூடைகூடக் குதிரைக்கு வேண்டாம்.

நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ பூஞ்சையில்லாத காய்ந்த புல், ஒன்றரை முதல் 2 கிலோ தானியக் கலவை. தானியத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். வெறும் கோதுமைத் தவிட்டை நம்பினால் பாஸ்பரஸ் மிகுந்து, தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும். புல்லில் ஒரு பங்கு குதிரைமசாலாக இருந்தால் அந்தக் குறை தீரும்.

சினைக்காலம் சராசரி 340 நாள். 320 முதல் 360 வரை போவதும் இயல்புதான். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கடைசி 2 முதல் 4 வாரத்தில் மடி இறங்கும். காம்பு நுனியில் மஞ்சள் மெழுகுத் துளி கட்டினால், பெரும்பாலும் நாலு நாளுக்குள் குட்டி. அதுவும் இரவில்தான், ஆள் காவல் வேண்டும்.

கேள்வி: டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும்? நஞ்சுக்கொடி விழத் தாமதமானால் மாட்டுக்குச் செய்வதுபோல் கல் கட்டலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: கல் கட்டவே கூடாது. பாரம் இழுத்தால் கொடி கிழிந்து துண்டு உள்ளே தங்கும், கருப்பையே வெளித்தள்ளவும் செய்யும். மாட்டுக்கு 12 மணி நேரம் பொறுக்கலாம். குதிரைக்கு 3 மணி நேரம்தான். அதற்குமேல் போனால் அழுகும் துண்டின் நச்சு இரத்தத்தில் ஏறி, குளம்பின் உள்திசு வீங்கித் தாய் முடமாகும். தொங்கும் கொடியை மிதித்துவிடாதபடி முழங்காலுக்கு மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுந்ததைத் தூக்கியெறியாமல் தரையில் விரித்துப் பாருங்கள். கால்சட்டைபோல் இரண்டு கிளை இருக்கும். சினை தங்காத சிறிய கிளையின் நுனிதான் பெரும்பாலும் உள்ளே நின்றுவிடும். அது முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பனிக்குடம் உடைந்ததும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நிமிடத்துக்குள் குட்டி வெளியே வர வேண்டும். ஒன்றைவிட ஒன்று சற்று முன்னால் நீண்ட இரு முன்னங்கால்கள், அவற்றின்மேல் மூக்கு, குளம்படி தரையை நோக்கி: இதுதான் சரியான நிலை. குளம்படி மேல்நோக்கியிருந்தாலோ ஒரே கால் தெரிந்தாலோ உடனே டாக்டர் வேண்டும். அவர் வரும்வரை தாயை நடக்க விடுங்கள், முக்குவது குறையும்.

வெள்ளைப் பைக்குப் பதில் தடித்த சிவப்புப் பை எட்டிப்பார்த்தால் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு நின்றுகொண்டிருக்கிறது. கத்தரியால் பையை வெட்டித் திறந்து, தாய் முக்கும்போதெல்லாம் குட்டியைக் கீழ்நோக்கி இழுங்கள்.

கேள்வி: கொடி விழும்வரை பால் கொடுக்கக்கூடாது, முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, சிவகங்கை

பதில்: அந்தப் பேச்சைக் கேட்டால் குட்டி பிழைக்காது. தாயின் நோயெதிர்ப்புப் புரதம் கருவில் குட்டிக்குப் போவதில்லை. சீம்பால் ஒன்றுதான் வழி. 24 மணி நேரத்தில் குட்டியின் குடல் அந்தப் புரதத்தை உறிஞ்சுவதை நிறுத்திவிடும். ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டில் மடி பிடிக்க வேண்டும். உறிஞ்சும் வலுவில்லாத குட்டிக்கு வாயில் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் குழாய் மூலம் கொடுப்பார்.

ஈனுமுன்பே பால் ஒழுகினால் அப்போதே சுத்தமான பாத்திரத்தில் பிடித்து ஃப்ரீசரில் உறைய வையுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் இளக்கிக் கொடுக்கலாம், கொதிக்க வைத்தால் பயனில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐ.ஜி.ஜி. எனும் அந்த நோயெதிர்ப்புப் புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டி வரலாம்.

தொப்புள்கொடியை வெட்டாதீர்கள், தானே அறும். 0.5 சதவீத குளோர்ஹெக்சிடினில் நனைத்தால் போதும். ஒன்றை மட்டும் தினமும் பாருங்கள்: குட்டியின் முகத்தில் பால் வழிந்து காய்ந்திருக்க, தாயின் மடி கட்டி நின்றால், அது மடியருகே நிற்கிறதே தவிர குடிக்கவில்லை. அன்றே டாக்டரை வரவழையுங்கள்.