நண்பருடன் லங்காவி அயர்ன்மேன்: எதைச் சேர்ந்து செய்யலாம், எதைத் தனியே செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 44, கோவையில் வசிக்கிறேன். நானும் என் கல்லூரி நண்பரும் வரும் நவம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடைபெறும் முழு அயர்ன்மேன் ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். கோவாவில் பாதித் தூரப் போட்டியை இருவரும் முடித்தோம். அவர் 6 மணி 15 நிமிடத்தில், நான் 7 மணி 20 நிமிடத்தில். கையில் ஏழு மாதம் இருக்கிறது. சேர்ந்தே பயிற்சி செய்து, சேர்ந்தே பயணம் செய்து, முடிந்தால் பந்தயத்திலும் கூடவே செல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசை. இது சரிவருமா? சைக்கிளை எப்படிக் கொண்டு செல்வது, எதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்?

பதில்: பயணம், கருவிகள், கடல் நீச்சல் ஆகியவற்றை நீங்கள் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். வேகத்தை மட்டும் பகிர்ந்துகொள்ள முடியாது. முழுத் தூரம் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பாதித் தூர நேரத்தை இரட்டித்து, அதனுடன் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கூட்டுவது பயிற்சியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி உங்கள் நண்பர் 14 மணி நேரத்துக்குள் முடிப்பார். நீங்கள் 16 மணி நேரத்தை ஒட்டி வருவீர்கள். மொத்தக் காலக்கெடு 17 மணி நேரம். உங்களுக்கு இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்பதால், தொடக்கத்தில் அவருடைய வேகத்தைப் பிடிக்கப் போய் அதை இழந்துவிடக் கூடாது.

கூடவே செல்வதற்கு விதிகளும் இடம் கொடுப்பதில்லை. சைக்கிள் பகுதியில் ஒருவருடைய முன்சக்கரத்துக்கும் அடுத்தவருடைய முன்சக்கரத்துக்கும் இடையே 12 மீட்டர் இருக்க வேண்டும். முந்துவதானால் 25 நொடிக்குள் முந்திவிட வேண்டும். பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓட்டுவதும் குற்றமே. முன்னால் செல்பவரின் காற்று மறைவில் ஓட்டியதாக நடுவர் நீல அட்டை காட்டினால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். மூன்று முறை பெற்றால் தகுதி நீக்கம். ஆனால் டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்ப், உணவு போன்ற சிறு பொருள்களைச் சக போட்டியாளருக்குக் கொடுப்பதற்குத் தடையில்லை. தன் சக்கரத்தையோ ஹெல்மெட்டையோ கழற்றிக் கொடுத்து, கொடுத்தவர் போட்டியைத் தொடர முடியாத நிலைக்கு வருவதைத்தான் விதி அனுமதிப்பதில்லை.

பயிற்சியில் நண்பர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அவருக்கு நிதானமான வேகம் உங்களுக்குக் கடினமான வேகம். ஞாயிறுதோறும் அவர் பின்னாலேயே ஓட்டினால், நிதானமாக ஓட்ட வேண்டிய நாளெல்லாம் உங்களுக்குப் பந்தய நாளாகிவிடும். மூன்றாவது மாதத்தில் முழங்காலோ தூக்கமோ கெடும். ஆகவே புறப்படும் இடத்தையும் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, வேகத்தை அவரவர் இதயத் துடிப்போ, மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டரோ தீர்மானிக்கும்படி விடுங்கள். நீண்ட சவாரி முடிந்து ஒரே டீக்கடையில் சந்தித்தால் போதும். மேட்டில் திரும்பத் திரும்ப ஏறும் பயிற்சி சேர்ந்து செய்ய ஏற்றது. அவர் ஆறு முறை ஏறும்போது நீங்கள் நான்கு முறை ஏறினாலும் ஒரே நேரத்தில் கீழே வந்து சேரலாம். லங்காவியின் மேடுகள், குறிப்பாகத் தீவின் வடமேற்கில் தாத்தாய் பக்கத்துச் சாலை, நீளமானவை அல்ல, ஆனால் செங்குத்தானவை. அதனால் கோத்தகிரி மலைச்சாலையில் மணிக்கணக்கில் ஒரே சீராக ஏறுவதைவிட, மாங்கரைக்கு அப்பால் ஆனைக்கட்டி ஏற்றத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் திரும்பத் திரும்ப ஏறுவது பொருந்தும். அங்கே யானை நடமாட்டம் இருப்பதால் நன்றாக விடிந்த பிறகே செல்லுங்கள்.

வாரத்துக்கு 10 முதல் 14 மணி நேரம் என்ற அளவை நோக்கி மெல்ல உயர்த்துங்கள். நீண்ட சவாரி 150 அல்லது 160 கி.மீ. வரையிலும், நீண்ட ஓட்டம் 28 அல்லது 30 கி.மீ. வரையிலும் போனால் போதும். பயிற்சியிலேயே முழு மராத்தான் ஓடத் தேவையில்லை. சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் அரை மணி நேரம் ஓடும் ‘பிரிக்’ பயிற்சியை வாரம் ஒருமுறை செய்யுங்கள். கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் அளவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள். நண்பருடன் பயிற்சி செய்பவர்கள் அதிகம் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். பயிற்சி போதவில்லையோ என்று ஒருவருக்குப் பயம் வந்தால் இருவரும் நீண்ட சவாரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

44 வயதில் தொடங்குமுன் இதயப் பரிசோதனை அவசியம். ஈ.சி.ஜி.யும், மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ட்ரையத்லான்களில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதே நிகழ்ந்திருக்கிறது. கடல் நீச்சலைத் தனியாகச் செய்யக் கூடாது என்று வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்; நண்பர் உடன் இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். கோவைக்காரர்களுக்குக் கடல் பக்கத்தில் இல்லை. கேரளக் கடற்கரை அருகில் என்றாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அங்கே அலை மூர்க்கமாக இருக்கும். அந்த மாதங்களில் ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையை ஒட்டிய வடகடல் பொதுவாக அமைதியாக இருக்கும். உள்ளூர் மீனவரின் படகு ஒன்றைத் துணைக்கு அமர்த்தி, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, இரண்டு மூன்று வார இறுதிகளிலாவது நீந்துங்கள். எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தூக்கித் திசை பார்ப்பதும், கழுத்திலும் அக்குளிலும் வாஸ்லின் தடவாமல் உப்புநீரில் ஒரு மணி நேரம் நீந்தினால் தோல் எப்படி உரியும் என்பதும் நீச்சல் குளத்தில் தெரிய வராதவை. கோவையைச் சுற்றியுள்ள அணைகளில் இறங்கி நீந்த நினைக்காதீர்கள். பல இடங்களில் தடை இருக்கிறது, காரணத்தோடுதான். லங்காவியில் கடல் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால் குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

வெப்பத்தை நான் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். கோவை ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருப்பது. காற்றில் ஈரப்பதமும் குறைவு. லங்காவியில் வியர்வை உலராது, உடலில் வழியும். உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. புறப்படுவதற்கு முந்தைய 10 முதல் 14 நாள்களில், மின்விசிறி இல்லாத அறையில் சைக்கிளை நகராமல் நிறுத்தி ஓட்ட உதவும் இன்டோர் டிரெய்னரில் ஒரு மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள், அல்லது எளிய ஓட்டங்களை நண்பகலுக்கு மாற்றுங்கள். சில நாள்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், வியர்வையில் வெளியேறும் உப்பு குறையும். இதையும் ஒருவர் பார்வையில் மற்றவர் செய்யுங்கள். தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

அந்தப் பயிற்சியின்போதே வியர்வைக் கணக்கையும் எடுத்துவிடலாம். முன்னும் பின்னும் உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 1.2 கிலோ குறைந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால் உங்கள் வியர்வை 1.7 லிட்டர். நண்பருடைய எண் இதில் பாதியாகக்கூட இருக்கலாம். ஆகவே அவர் குடிக்கும் அளவு உங்களுக்குப் பொருந்தாது. வியர்ப்பதைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். உணவைப் பொறுத்தவரை, சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, வயிறு ஒத்துக்கொண்டால் 80, 90 வரை பழகுங்கள். விலை உயர்ந்த ஜெல்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரணச் சர்க்கரையே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்ததுதான் என்பதால், உப்புக் கலந்த சர்க்கரைத் தண்ணீர் பெருமளவு வேலையைச் செய்துவிடும். பந்தயக் காலையில் இட்லி கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, ரொட்டி, ஜாம், வாழைப்பழம் ஆகியவற்றை இப்போதிருந்தே நீண்ட சவாரிகளுக்கு முன் சாப்பிட்டுப் பாருங்கள். வலி மாத்திரையை, குறிப்பாக ஐபுபுரூஃபனை, பந்தயத்தின்போது விழுங்காதீர்கள். நீரிழப்போடு சேரும்போது அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

இனி சைக்கிள். பெட்டியில் வைக்குமுன் சீட் கம்பம் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் மின்கம்பி ஒட்டும் டேப்பைச் சுற்றிவிடுங்கள். அங்கே போய் உயரத்தை அளந்துகொண்டிருக்க வேண்டாம். பெடல்களைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மறை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கியர் மாற்றும் பின் டீரெய்லரைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, துணியில் சுற்றி, உள்பக்கமாகக் கட்டுங்கள். சக்கரம் கழன்ற முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே சைக்கிள் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் முட்டுக்கட்டையைச் செருகுங்கள். அது இல்லாவிட்டால், மேலே இன்னொரு பெட்டி விழும்போது ஃபோர்க் நசுங்கும். பம்ப், திருகை அளவோடு முறுக்கும் டார்க் சாவி, செயின் கருவி ஆகியவற்றை இருவருக்கும் சேர்த்து ஒரே செட் எடுத்துச் செல்லலாம். ஆனால் டீரெய்லரைத் தாங்கும் ‘ஹேங்கர்’ ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறுபடும். உங்கள் சைக்கிளுக்குரிய உதிரி ஹேங்கர் ஒன்றை நீங்களே எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியே பத்து கிலோ வரை இருக்கும், ஆதலால் வீட்டிலேயே எடை பார்த்து, விமான நிறுவனத்தில் சைக்கிளுக்கென்று முன்பதிவு செய்துவிடுங்கள். டியூபில் காற்றுக்குப் பதில் நிரப்பும் சிஓ2 குப்பிகளை அங்கே வாங்கிக்கொள்வது தொல்லையில்லாதது. பவர் பேங்கும் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் போக வேண்டும். ஹெல்மெட், சைக்கிள் ஷூ, ஓட்ட ஷூ, நீச்சல் கண்ணாடி, மூன்று பகுதிக்கும் அணியும் ட்ரைசூட் ஆகியவையும் கைப்பையிலேயே இருக்கட்டும். சைக்கிள் வராமல் போனால் வாடகைக்கு ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம், காலுக்குப் பழகிய ஷூவைப் பிடிக்க முடியாது.

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ, சென்னை அல்லது திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகவோ செல்லலாம். எந்த வழியானாலும் லங்காவி வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனி டிக்கெட் என்றால் கோலாலம்பூரில் குடிநுழைவு முடித்து, இரண்டு சைக்கிள் பெட்டிகளையும் எடுத்துத் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருக்கும். அங்குள்ள இரு முனையங்களும் தனித்தனியே இருப்பவை. பயணத்தின் கடைசிக் கட்டம் சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் என்றால் பெட்டி ஏறுமா என்று முன்பே கேளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்ல முடிகிறது; இது காலவரையறை வைத்துக் கொடுக்கப்படும் சலுகை என்பதால் பயணத்துக்கு முன் சரிபாருங்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பயணக் காப்பீட்டில் போட்டி விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். அங்கே பயன்படுவது பிரிட்டிஷ் வகை மூன்று முனைப் பிளக். அடாப்டர் இருவருக்கும் தேவை. லங்காவி விமான நிலையத்திலிருந்து பந்தாய் செனாங் கடற்கரை பக்கம்தான். ஆனால் இரண்டு பெட்டிகள் சாதாரணக் காரில் ஏறாது, வேனுக்குச் சொல்லி வையுங்கள்.

பந்தயம் சனிக்கிழமை என்றால் செவ்வாய் இரவுக்குள் போய்ச் சேருங்கள். கைக்குக் கட்டுப்படியானால் தனித்தனி அறை எடுப்பதே என் பரிந்துரை. பந்தயத்துக்கு முந்தைய இரவில் யாருக்கும் தூக்கம் சரியாக வராது. ஒருவர் புரளும் சத்தத்தில் இருவரும் விழித்திருப்பதில் என்ன நட்பு இருக்கிறது? பதிவுப் பையை அவரவர்தான் அடையாள அட்டை காட்டி வாங்க வேண்டும். முந்தைய நாள் பிற்பகல் சைக்கிளை டிரான்ஸிஷனில் (பகுதிகளுக்கு இடையே உடை மாற்றும் இடத்தில்) நிறுத்தும்போது டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துவிடுங்கள். முழு அழுத்தத்தில் வெயிலில் நிற்கும் டியூப் வெடிப்பதுண்டு. நவம்பரில் அங்கே மழை சாதாரணம், ஆகவே மாற்றுடைப் பைகளுக்குள் சாக்ஸைத் தனியே ஜிப் கவரில் போடுங்கள். காலையில் பம்ப் யார் கையில் என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பந்தயத்தில் உங்கள் கணக்கு எளிது. நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடமும், தொடக்கத்திலிருந்து சைக்கிள் முடிய 10 மணி 30 நிமிடமும் வழக்கமான காலக்கெடு. அந்த ஆண்டுக்கான போட்டியாளர் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நீச்சலை ஒன்றரை மணி நேரத்திலும், உடை மாற்றத்தைப் பத்து நிமிடத்திலும் முடித்தால், சைக்கிளுக்கு 8 மணி 50 நிமிடம் கிடைக்கும். சராசரி மணிக்கு 20.5 கி.மீ. போதும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உங்கள் அதிகபட்ச பவரில் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் ஓட்டுங்கள்.

புறப்படுமுன் இருவரும் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. ஒருவருக்குக் காயமேற்பட்டால் மற்றவர் தனியே போவாரா? ஒருவர் பாதியில் விலக நேர்ந்தால் மற்றவர் நிற்காமல் தொடர வேண்டும் என்பது என் கருத்து. இதை அன்று சாலையோரத்தில் நின்று தீர்மானிக்கக் கூடாது. போட்டியின்போது ஒருவரோடொருவர் கைப்பேசியில் பேசிக்கொள்ள முடியாது. நண்பர் இரண்டு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுவார் என்பதால், குளித்து, சாப்பிட்டு, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வந்து நிற்பார், குறித்த நேரத்தில் நீங்கள் வராவிட்டால் முதலில் மருத்துவக் கூடாரத்தில் கேட்பாரா, தகவல் மேசையில் கேட்பாரா என்பதை எழுதி வையுங்கள். நீங்கள் முடிப்பது நள்ளிரவை ஒட்டியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அறைக்குத் திரும்பும் வண்டியை முன்பே சொல்லிவைத்து, திரும்பும் விமானத்தைத் திங்கள்கிழமைக்குப் போடுங்கள். ஞாயிறு முழுவதும் இரண்டு சைக்கிள்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கவே சரியாக இருக்கும்.