டர்பனில் இறங்கியபின் தன்னார்வப் பணி மாறிப்போனால்

வணக்கம் தங்கச்சி. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று மாதம் பணிசெய்ய மதுரையிலிருந்து தனியாக வந்திருக்கிறீர்கள். வந்த நான்காம் நாளே ஏஜென்சி, "அங்கே இப்போது முடியாது, ஜோசினி பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, மாற்றுச் செலவை ரொக்கமாகக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்" என்கிறது. போவதா, ஊருக்கே திரும்புவதா என்று கேட்கிறீர்கள்.

இந்த வாரம் இரண்டும் வேண்டாம். படுக்கை, சாப்பாடு, வண்டி, விசாக் கடிதம், வேலை எல்லாமே உங்களுக்கு ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. அதனால்தான் ஒன்று போனதும் எல்லாம் போனதுபோல் இருக்கிறது. முதலில் அவற்றைத் தனித்தனியாகப் பிரியுங்கள். விசாவைப் பாருங்கள், அப்புறம் தங்கும் இடம், கடைசியில்தான் வேலை.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை எடுத்து நிபந்தனை வரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தொண்டுப் பணிக்கான விசா, குடிவரவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வருகிறது. நிபந்தனையில் அந்த இல்லத்தின் பெயர் எழுதியிருந்தால், அனுமதியை மாற்றாமல் வேறு நிறுவனத்தில் பணிசெய்வது விசாவை மீறுவதாகும். சம்பளம் வாங்கவில்லை என்பது சமாதானமாகாது. ஏஜென்சிக்காரர் "அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்.

அடுத்தது நாள் கணக்கு. நீட்டிப்பு வேண்டுமானால் விசா முடிய 60 நாளுக்குக் குறையாமல் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 90 நாள் விசாவில் இதன் பொருள், வந்த முதல் 30 நாளுக்குள் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கி, நேரில் போய்க் கொடுத்தாக வேண்டும். "ஒரு மாதம் பார்க்கலாம், அப்புறம் முடிவெடுக்கலாம்" என்பவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். நாள் தாண்டித் தங்கினால் வெளியேறும்போது விமான நிலையத்திலேயே தடைத்தாள் கொடுத்துவிடுவார்கள். 30 நாளுக்குள் என்றால் ஓராண்டு, அதற்கு மேல் என்றால் ஐந்தாண்டு இந்த நாட்டுக்குள் வரமுடியாது. இன்னொன்று: சும்மா இருக்கும் நாட்களில் சானி கணவாய் வழியாக லெசோத்தோ பார்த்துவரலாம் என்று யாராவது கூப்பிடுவார்கள். அது வேறு நாடு. உங்கள் விசா ஒற்றை நுழைவு என்றால் அந்த ஒருநாள் சுற்றுலாவோடு அது முடிந்துவிடும். திரும்பி வர வழியிருக்காது.

தங்கும் இடத்துக்கு மார்னிங்சைட், கிளென்வுட், டர்பன் நார்த் பக்கம் கேட் போட்ட, சமையலறை உள்ள விருந்தினர் இல்லமாகப் பார்த்து, முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஊபர், போல்ட் இரண்டும் இந்தப் பகுதிகளுக்கு வரும். நகர மையத்தில் வாடகை குறைவுதான், ஆனால் பொழுது சாய்ந்தபின் அங்கே தனியாக நடக்கக்கூடாது. மினிபஸ் டாக்சி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்று ஊபர் கூப்பிடாதீர்கள். அவர்களுக்குள் தொழில் தகராறு உண்டு, ஒரு தெரு தள்ளிப்போய் நில்லுங்கள். ஏடிஎம்மில் உதவ வருகிறவர் எத்தனை நல்லவராகத் தெரிந்தாலும் கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். சிம் வாங்கப் பாஸ்போர்ட்டோடு முகவரிச் சான்றும் கேட்பார்கள், விருந்தினர் இல்லத்தாரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கைபேசியிலிருந்து அவசர எண் 112, போலீஸ் 10111. சார்ஜரின் சின்ன முள்ளுக்கு அடாப்டர் தேவைப்படலாம். நம் ஊரில் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக்தான் இங்கே பழைய வீடுகளில் எல்லாம்.

இனி அந்த இல்லம் ஏன் பின்வாங்கியது என்பது. ஏமாற்றாகவும் இருக்கலாம், ஆனால் பல நேரம் காகிதம்தான் காரணம். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு பழகும் பணிக்கு வருகிறவர் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில், பிள்ளைகளோடு பணிசெய்யத் தகாதவர்கள் பட்டியலான 'பி' பகுதியில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இல்லம் தானே கேட்டால் படிவம் 29, நீங்களாகக் கேட்டால் படிவம் 30. பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தனி. போதாததற்கு ஊரிலிருந்து போலீஸ் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். இந்தப் பதில்கள் வர வாரக்கணக்கில் ஆகும். ஏஜென்சி பணத்தை வாங்கிக்கொண்டு படிவத்தை அனுப்பாமல் விட்டிருந்தால், நல்ல இல்லம் உங்களை வாசலிலேயே நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும். எந்தத் தாளும் கேட்காமல் உள்ளே விடும் இல்லத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். எனவே இல்லத்துக்கே நேரடியாகப் போன் போட்டு மேலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள்: "என் பெயரில் உங்களுக்கு என்ன தாள் வந்தது, எது வரவில்லை?" இரண்டு தாள்தான் பாக்கி என்றால் காத்திருப்பது லாபம். டிசம்பர் நடுவில் வந்தவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. 16ஆம் தேதி விடுமுறையோடு பாதி ஊர் மூடிக்கொள்ளும், பள்ளி திறக்க ஜனவரி நடுப்பகுதி ஆகிவிடும்.

ஜோசினி விஷயத்தில் என் கருத்து, முதல் மாதம் தனியாகப் போகாதீர்கள். டர்பனிலிருந்து என்2 சாலையில் வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஊபர் கிடையாது. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய அந்தப் பகுதியில் மலேரியா உண்டு, டர்பனில் இல்லை. தடுப்பு மாத்திரை டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும், மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. சைவம் என்று சொன்னால் கோழி பரவாயில்லையா என்று அன்போடு கேட்பார்கள். போயே தீரவேண்டும் என்றால் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: பள்ளித் தலைமையாசிரியரின் அழைப்புக் கடிதம், தங்கும் வீட்டின் முகவரி, நடுவில் திரும்ப நினைத்தால் யார் வண்டியில் என்பது. அமைப்பு எதுவானாலும் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவான என்.பி.ஓ. (லாபநோக்கற்ற அமைப்பு) எண் கேளுங்கள், துறையின் தளத்தில் சரிபார்க்கலாம்.

மாற்றுப் பணிக்கு டர்பனிலேயே இடம் உண்டு. நீங்கள் குழந்தைகள் என்றுதான் நினைக்கிறீர்கள், ஆனால் மூன்று மாதத்தில் வந்து போகிறவரால் பிள்ளைகளுக்கு ஏக்கம்தான் மிச்சம். முதியோர் இல்லங்களில் உங்கள் தமிழுக்கே மதிப்பு அதிகம். இங்கே நம்மவர் வீடுகளில் ஆங்கிலம்தான் பேச்சு, தமிழ் கேட்டு முகம் மலர்வது பாட்டி தாத்தாக்கள்தான். 1921இல் தொடங்கிய ஆர்யன் பெனவலண்ட் ஹோமுக்குச் சாட்ஸ்வொர்த்தில் இல்லம் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992இல் உருவான கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் என்ற தொண்டு அமைப்பு நிவாரணப் பணி செய்கிறது. அவர்களிடம் ஆள் தேவையா என்று எழுதிக் கேளுங்கள், ஆம் என்றால் அந்தக் கடிதத்தோடு விசா நிபந்தனையை மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள், அனுமதி வந்தபின் தொடங்குங்கள். அதுவரை மவுண்ட் எட்ஜ்கம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்களுக்குப் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு ஆன்ட்டிகளோடு அறிமுகமானால் போதும், அடுத்த வாரம் யார் வீட்டிலாவது சாப்பாடு நிச்சயம்.

ஏஜென்சிக்குக் கட்டிய பணத்தை வாட்ஸ்அப்பில் திருப்பிக் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். தங்குமிடம், உணவு, பணியமர்த்தும் கட்டணம், விமான நிலைய வண்டி என்று வரிவரியாகப் பிரித்து, கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று எழுதி, ஏழு நாள் கெடு வையுங்கள். புதிதாக ஒரு ரேண்ட்கூட ரொக்கமாகத் தராதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் உங்கள் வங்கியில் பரிவர்த்தனை மறுப்பு (சார்ஜ்பேக்) கொடுக்கலாம், அதற்குக் காலவரம்பு உண்டு. ஊர் நேரம் இங்கேவிட மூன்றரை மணி முன்னால் போகிறது, வங்கி மாலை 4 மணிக்கு மூடினால் உங்களுக்கு 12.30தான். காலையிலேயே கூப்பிடுங்கள். புதிய முகவரியை வீட்டாருக்கும் டர்பன் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

விசாவின் நிபந்தனை வரி, முடியும் தேதி, எத்தனை நுழைவு, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். பாஸ்போர்ட் படம் போடவேண்டாம். அதைப் பார்த்துவிட்டு, காத்திருக்க நாள் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறேன்.