பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி நூலகத்துக்குப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஒன்று. உங்கள் மகன் படிக்கும் பள்ளியில், பார்க்க நன்றாகவே இருந்த புத்தகங்களை மூட்டை கட்டி வெளியே வைத்திருந்தார்களே, அது சரியா என்பது மற்றொன்று. நான் 19 ஆண்டுகளாகப் பள்ளி நூலகராக இருக்கிறேன். அப்படிப்பட்ட மூட்டைகளை நானும் கட்டியிருக்கிறேன்; அதுவும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, யார் கண்ணிலும் படாமல். கட்டியதில் தவறில்லை. ஒளித்துக் கட்டியதுதான் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிய புத்தகங்கள் வாங்கும் நேரம் வந்தால் நான் முதலில் எடுப்பது மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. யாராவது ஒரு புத்தகம் கேட்டு, ‘இல்லை’ என்று நான் சொல்ல நேர்ந்தால் அதில் ஒரு வரி எழுதிவிடுவேன். தேதி, வகுப்பு, கேட்டது என்ன என்பவை மட்டும், பெயர் எழுதுவதில்லை. ‘ஏழாம் வகுப்பு: ஆக்டோபஸுக்கு ஏன் மூன்று இதயம்?’ ‘ஒன்பதாம் வகுப்பு: திக்குவாய் பற்றி ஏதாவது.’ ‘மூன்றாம் வகுப்பு: பேய்க் கதை, ஆனால் நிறையப் பயமுறுத்தக் கூடாது.’ எடுத்துப்போன புத்தகங்களின் கணக்கு இரவல் பதிவேட்டில் இருக்கும். வெறுங்கையோடு திரும்பிய பிள்ளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. திக்குவாய் பற்றிக் கேட்ட பிள்ளை இரண்டாவது முறை வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டு அலமாரியில் இருந்தால், யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஆசிரியர்கள். ‘என்ன புத்தகம் வேண்டும்?’ என்று கேட்டால் அவர்கள் தாங்கள் படித்துச் சிறந்தது என்று நினைப்பதைச் சொல்வார்கள். அதனால் ‘எந்த மாதம் எந்தப் பாடம் நடத்துகிறீர்கள்?’ என்று கேட்பேன். எரிமலைப் பாடம் மூன்று பிரிவுகளுக்கும் ஒரே வாரத்தில் நடக்கிறது என்றால், எரிமலை பற்றி ஒரு பெரிய, விலை உயர்ந்த புத்தகம் வாங்குவது வீண். முதல் நாள் ஒரு பிள்ளை அதை எடுத்துப் போய்விடும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மெல்லிய புத்தகங்களாக ஐந்து வாங்குவதே மேல்.

ஒழுங்காக நடக்கும் பள்ளிகளில் முடிவு ஒருவர் கையில் இருக்காது. நூலகர், இரண்டு மூன்று ஆசிரியர்கள், முடிந்தால் மாணவர்களும் அடங்கிய ஒரு சிறு குழு இருக்கும். அதைவிட முக்கியம், எழுதி வைத்த தேர்வுக் கொள்கை. எங்கள் கொள்கை இரண்டு பக்கம்தான். எதன் அடிப்படையில் வாங்குகிறோம், யார் கையெழுத்திடுகிறார்கள், அன்பளிப்பை எப்படி ஏற்கிறோம், ஒரு புத்தகத்தைப் பற்றிப் புகார் வந்தால் என்ன செய்வோம் என்பவை அதில் உண்டு. புகார் வரும்வரை அதன் அருமை யாருக்கும் தெரியாது. குடிகாரத் தந்தை வரும் ஒரு நாவலை உடனே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பெற்றோர் ஒருமுறை வந்தார். படிவத்தைக் கொடுத்தேன். அதில் முதல் கேள்வியே ‘நூலை முழுவதும் படித்தீர்களா?’ என்பது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்; படிவம் வரவில்லை. எல்லாப் புகாரும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. ஆனால் கொள்கை எழுத்தில் இருந்தால், சத்தம் போடுகிறவரின் குரலுக்கு ஏற்ப அலமாரி காலியாகாது. பள்ளி நூலகங்களுக்காக யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் 1999இல் வெளியிட்ட அறிக்கையும், சித்தாந்தம், அரசியல், மதம் சார்ந்த தணிக்கையோ வணிக நெருக்கடியோ நூலகத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

எத்தனை புத்தகம் வேண்டும்? அதே இரு அமைப்புகளின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரு மாணவருக்குப் பத்து புத்தகங்கள் என்றும், மிகச் சிறிய பள்ளியிலும் குறைந்தது 2,500 என்றும், அவற்றில் 60 விழுக்காடாவது பாடத்தோடு தொடர்புடைய, புனைவல்லாத நூல்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த 2,500, பள்ளிக்குப் பொருத்தமான, புதுப்பிக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை. நடைமுறையில் அந்தச் சொற்கள் உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சுகிறது. எண்ணைக் காட்டுவதற்காகவே யாரும் தொடாத புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் நூலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் கைக்கு வந்தால் அட்டையை விட்டுவிட்டுப் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. போன ஆண்டு அச்சான புத்தகத்தில் இருபது ஆண்டுக்கு முந்தைய செய்தி இருக்கலாம். எனக்குச் சில குறுக்குவழிகள் உண்டு. நிலவரைபட நூல் என்றால் தெற்கு சூடானைத் தேடுவேன்; அது 2011இல் தனி நாடானது. எஸ்வாத்தினி என்ற பெயர் இருந்தால் 2018க்குப் பிந்தைய திருத்தம் நடந்திருக்கிறது. விண்வெளி நூலில் கோள்களை எண்ணுவேன்; 2006இல் புளூட்டோ குறுங்கோள் ஆனபின் எட்டுதான். வேதியியல் நூலில் தனிம அட்டவணையின் ஏழாம் வரிசை முழுதாக இருக்கிறதா, 118ஆம் தனிமத்துக்கு ஓகனெசான் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன்; அந்தப் பெயர் உறுதியானது 2016இல். ஒரு நிமிட வேலை. பிறகு புத்தகத்தை நடுவில் விரித்துப் பார்ப்பேன். பசை மட்டும் போட்ட கட்டு, வகுப்புக்கு வகுப்பு கைமாறினால் ஒரே ஆண்டில் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். தைத்த கட்டு தாங்கும்.

வாசிக்கச் சிரமப்படும் பெரிய பிள்ளைகளைப் பெரும்பாலான பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. எட்டாம் வகுப்பு மாணவனிடம் முயல் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அவன் மறுபடி நூலகத்துக்குள் கால் வைக்க மாட்டான். அவன் வயதுக்கேற்ற விஷயம், எளிய சொற்கள், குறைந்த பக்கங்கள், பெரியவர் புத்தகம் போன்ற அட்டை ஆகிய நான்கும் சேர்ந்து அமைவது அரிது; கிடைத்தால் இரண்டு பிரதி வாங்கிவிடுவேன். புத்தகத்தின் முதுகில் வாசிப்பு நிலையைக் காட்டும் வண்ண வில்லை ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. எந்த வண்ணம் யாருக்கு என்று இரண்டே நாளில் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும்.

அன்பளிப்புப் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாதி, வீட்டில் இடம் இல்லாமல் வருபவை. ‘எங்கள் கொள்கைக்குப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்வோம்’ என்று பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். திறந்தபின் சொன்னால் மனவருத்தம்.

வந்த புத்தகத்துக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரிசை எண். அந்த எண் அதற்கு மட்டுமே உரியது. புத்தகம் தொலைந்தாலும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, நூலகத்தார் மட்டும் அறிந்த இன்னொரு பக்கத்திலும் ஒன்று. பிறகு பகுப்பு எண். பெரும்பாலான பள்ளிகளில் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறைதான்: 500 அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். பிள்ளைகளுக்கு எண் புரியாவிட்டால் பாதகமில்லை. பாம்புப் புத்தகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்பது புரிந்தால் போதும்.

பராமரிப்பில் என் வேண்டுதல்கள் சில. கிழிந்த தாளில் சாதாரண ஒட்டும் டேப்பைப் போடாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, தாளையும் கறையாக்கி, உரிந்து வந்துவிடும். முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்காமல், இருபுறமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளி நடுவில் பிடித்து எடுக்கப் பழக்குங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் ஈரமும் கறையானும் பின்பக்கமாக வரும். தட்டை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு இருப்புச் சரிபார்க்க வேண்டும். தொடர்கதை வரிசைகளில் எப்போதும் முதல் பாகம்தான் தொலைந்திருக்கும், ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அது இல்லாவிட்டால் மற்றப் பாகங்கள் அனைத்தும் வெறும் பாரம்; உடனே வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் மூட்டை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் எதையும் வெளியே விடமாட்டேன். ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி செயல்திட்ட ஏட்டோடு வந்து நின்றாள். ஒன்பது கோள்கள் வரைந்திருந்தாள். ஆசிரியர் மதிப்பெண் குறைத்துவிட்டார். ‘நம் நூலகப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்றாள். அந்தப் புத்தகத்தை அவளிடம் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த வாரமே கழிவு வேலையை, அதாவது பயன்படாத புத்தகங்களை அலமாரியிலிருந்து நீக்குவதை, தொடங்கினேன்.

இதற்கு முறைகள் உண்டு. 1970களில் அமெரிக்காவின் டெக்சாஸில் சிறு நூலகங்களுக்காக உருவான ஒரு கையேடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பதிப்பாகி எத்தனை ஆண்டு, கடைசியாக இரவல் போய் எத்தனை ஆண்டு என்று ஒவ்வொரு துறைக்கும் இரண்டு எல்லைகளை அது வைக்கிறது. அவற்றோடு ஆறு கேள்விகள்: தகவல் தவறா, சீர்செய்ய முடியாதபடி கெட்டுவிட்டதா, இதைவிடப் புதியது வந்துவிட்டதா, அற்பமானதா, இந்த வாசகர்களுக்குப் பொருந்தாததா, வேறிடத்தில் எளிதாகக் கிடைக்குமா. கணினி நூல் சில ஆண்டுகளில் காலாவதியாகும்; நல்ல கதைப் புத்தகத்துக்கு வயது கிடையாது. பள்ளியின் ஆண்டு மலர்களை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அவை வேறெங்கும் கிடைக்காது.

‘நூலகம் வளரும் உயிரி’ என்ற, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் கடைசி விதியைச் சிலர் என்னிடம் எதிர்வாதமாகச் சொல்வதுண்டு. 1931இல் அதை விளக்கியபோது அவரே, வளரும் உயிர் புதியதை ஏற்கும், பழையதைக் கழிக்கும் என்றுதான் எழுதினார். அந்த முதல் கழிவில் இரண்டு அலமாரி அளவுக்குப் புத்தகங்கள் வெளியேறின. அந்த மாதம் ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை. ஆனால் ‘புதுப் புத்தகங்கள் எப்போது வந்தன?’ என்று மூன்று வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள்.

இப்போது நான் ஒளிப்பதில்லை. கழிக்கும் பட்டியலைக் குழு முன் வைத்து, ஆட்சேபம் கேட்டு, பதிவேட்டில் தேதியும் காரணமும் எழுதி, புத்தகத்தில் ‘கழிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்துகிறேன். கதைப் புத்தகம் என்றால் விரும்பும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். தகவல் பிழையானதை வசதி குறைந்த வேறொரு பள்ளிக்குத் தானமாக அனுப்ப மாட்டேன்; காகிதக் கூழுக்குத்தான் போகும். உங்கள் பள்ளியிலும் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நூலுக்கும் நேராக ஒரு காரணம் எழுதியிருந்தால் உங்கள் நூலகர் தம் வேலையைச் செய்திருக்கிறார். பட்டியலே இல்லை என்றால், மூட்டையை அவிழ்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.