காட்டு விலங்குகளைப் பார்க்க எந்த இடம், எந்த மாதம்?

கேள்வி: நானும் என் கணவரும் இதுவரை இரண்டு முறை காட்டுச் சஃபாரி போயிருக்கிறோம். இரண்டு முறையும் மான்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஆண்டு பத்து நாள் விடுப்பு கிடைக்கும். எங்கள் மகளுக்கு அப்போது 11 வயது. உலகத்தில் எங்கே போனால் காட்டு விலங்குகளை அவற்றின் சொந்த இடத்திலேயே ஏமாற்றமில்லாமல் பார்க்கலாம்? அதற்காகப் பெரிய கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. அந்த இரண்டு முறையும் எந்த மாதத்தில் போனீர்கள்? யார் இப்படிக் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது அதைத்தான். மழை ஓய்ந்த கையோடு போயிருந்தால், அங்கே புல் ஆள் உயரம் நின்றிருக்கும். காடு முழுக்கச் சிறு குட்டைகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். எங்கே நின்றாலும் தாகம் தீரும்போது ஒரு விலங்கு பாதைப் பக்கம் எதற்கு வரப்போகிறது? அதே காட்டில் கோடை முற்றியதும் இலை உதிரும், குட்டைகள் வற்றும், இரண்டு மூன்று நீர்நிலைகள் மட்டும் மிஞ்சும். அப்போது யானையும் புலியும் மானும் அந்த இரண்டு மூன்று இடங்களுக்குத்தான் வந்தாக வேண்டும். காடு ஒன்றுதான். மாதம் மாறினால் நாம் பார்ப்பது அடியோடு மாறிவிடும்.

விலங்குகள் நம் கண்ணில் படுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. தண்ணீர் ஓரிடத்தில் சுருங்கியிருக்க வேண்டும், அல்லது தீனி ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும், அல்லது பார்வையை மறைக்காத திறந்த நிலமாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிற இடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால் பயணம் வீண்போவது அரிது. இடத்தின் புகழை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பதினொரு வயதுக் குழந்தையோடு போகும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்கா. போக வேண்டிய காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பரப்பளவு சுமார் 22,270 சதுர கிலோமீட்டர். அதன் நடுவில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஒரு உப்புப் படுகை வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. வறண்ட மாதங்களில் குடிக்கத் தண்ணீர் என்று இருப்பது அந்தப் படுகையின் தென் ஓரத்தில் உள்ள ஊற்றுகளும் ஆழ்துளைக் கிணற்றால் நிரப்பப்படும் குட்டைகளும்தான். பாதைகள் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்படி போடப்பட்டிருக்கின்றன. சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு போகலாம். குட்டை ஓரம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். விலங்குகளைத் துரத்த வேண்டியதில்லை, அவையே வரும்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு வரிக்குதிரைக் கூட்டம் ஒன்று தொலைவில் தயங்கி நிற்கும். நாலு அடி முன்னே வந்து, எதற்கோ மிரண்டு பத்து அடி பின்னே ஓடும். அவை ஏன் தயங்குகின்றன என்று பைனாகுலரில் தேடினால், எதிர்ப்புறப் புதர் நிழலில் ஒரு சிங்கத்தின் காது தெரியலாம். பின்னால் யானைகள் வந்தால் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்குவார்கள், சிங்கம் உட்பட. ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால்களை அகட்டிக் குனிவதற்கு முன் பல நிமிடங்கள் சுற்றுமுற்றும் பார்க்கும். குனிந்த நிலையில்தான் அது மிகவும் ஆபத்தில் இருக்கிறது. இந்த நாடகத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்த குழந்தை, அடுத்த குட்டைக்குப் போகலாமா என்று அவசரப்படாது.

எட்டோஷாவை நான் முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணம் அதன் இரவுகள். ஒக்காகுவேயோ என்ற தங்கும் முகாமை ஒட்டியே ஒரு நீர்க்குட்டை இருக்கிறது. இரவு முழுவதும் மங்கலான விளக்கு எரியும். தாழ்ந்த சுவருக்கு இப்பால் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். உலகில் மிக அரிதாகிவிட்ட கருப்புக் காண்டாமிருகம் அங்கே இரவில் தண்ணீர் குடிக்க வருகிறது. மகளுக்குத் தூக்கம் வந்தால் அறைக்கு நடந்து போய்விடலாம், வேறெந்தக் காட்டிலும் இந்த வசதி எளிதில் கிடைக்காது. தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து சாலை வழி சுமார் 430 கிலோமீட்டர். பத்து நாளில் பயணம் போக ஐந்து இரவுகளை எட்டோஷாவுக்கே ஒதுக்குங்கள். மேற்குப் பக்கம் இரண்டு மூன்று இரவு, கிழக்குப் பக்கம் இரண்டு இரவு.

தான்சானியாவின் செரெங்கெட்டியை விட்டுவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். செரெங்கெட்டி ஈடு இணையற்றதுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் (மாடு போன்ற உருவம் கொண்ட பெரிய மான் வகை) மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுக்கச் சுற்றி வரும் நிலம் அது. ஆனால் எல்லோரும் போக விரும்புவது ஜூலை முதல் அக்டோபர் வரை அந்தக் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு. அதைப் பார்க்க ஆற்றங்கரையில் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூட்டம் கரை வரை வந்து திரும்பிப் போய்விடுவதும் உண்டு. சுற்றிலும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

நான் சொல்வது பிப்ரவரி மாதம், தெற்குச் செரெங்கெட்டியில் நுடுட்டு பகுதி. இங்கே தீனி குவியும் கணக்கு வேலை செய்கிறது. பழைய எரிமலைச் சாம்பல் படிந்த மண், கால்சியமும் பாஸ்பரஸும் மிகுந்த குட்டைப் புல். பாலூட்டும் தாய்களுக்கு வேண்டியது அதுதான். ஆகவே கூட்டம் முழுவதும் அங்கே திரண்டு, இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் கன்று ஈனும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், அன்றைக்கே கூட்டத்தோடு ஓடும். சிவிங்கிப்புலி (சீட்டா), சிங்கம், கழுதைப்புலி எல்லாம் அந்த வெட்டவெளியில் கண்ணுக்கு நேரே இருக்கும். கன்று பிடிபடும் காட்சியும் கட்டாயம் கண்ணில் படும், மகளிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே கோரோங்கோரோ. சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள எரிமலைப் பள்ளம், அடித்தளம் 260 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் யானை, சிங்கம், நீர்யானை, காட்டெருமை எல்லாவற்றையும் பார்க்கும் வாய்ப்பு அங்கே அதிகம். ஒரு முழு நாள் கொடுத்தால் போதும்.

ஒரு பெரிய பூனையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்றால், பிரேசிலின் பாண்டனால் சதுப்புநிலம். ஜூலை முதல் அக்டோபர் வரை வெள்ளம் வடிந்து ஆறுகள் தம் கரைக்குள் அடங்கும். கெய்மன் முதலைகளும், கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குகளும் கரையோரம் கூடும். அவற்றைத் தேடி ஜாகுவார் வரும். போர்டோ ஜோஃப்ரே என்ற இடத்திலிருந்து படகில் போய்ப் பார்ப்பார்கள். அங்குள்ள ஜாகுவார்கள் படகுகளுக்குப் பழகிவிட்டதால் மணல் திட்டில் படுத்தபடியே இருக்கும். ஜாகுவாரைப் பார்க்க இதைவிட நல்ல இடம் உலகில் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

மழைக்காடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமேசானில் உயிரினங்கள் எண்ணிலடங்காதவை. ஆனால் பெரும்பாலானவை முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் இலைகளுக்கு மேலே வாழ்கின்றன. பூச்சி, தவளை, பறவை இவற்றில் மனம் லயிப்பவர்களுக்கு அது சொர்க்கம். பெரிய விலங்குகளை எதிர்பார்த்துப் போனால் மீண்டும் ஒரு ஏமாற்றம். விதிவிலக்காக, மழைக்காட்டுக்குள்ளேயே விலங்குகள் வெளியே வரும் சில இடங்கள் இருக்கின்றன. பெருவின் தம்போபாத்தாவில் மக்கா கிளிகள் களிமண் தின்ன ஆற்றங்கரை மேட்டில் கூடும். போர்னியோவின் கினபாத்தாங்கன் ஆற்றில் படகில் போனால் மாலையில் நீள்மூக்குக் குரங்குகள் கரையோர மரங்களில் வந்து உட்காரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒராங்குட்டானும் சிறிய உருவம் கொண்ட போர்னியோ யானைகளும் தெரியும். அவ்வளவு எளிதாகத் தெரிவதற்குக் காரணம் மனதை வருத்துவது. இரு பக்கமும் பாமாயில் தோட்டங்கள் வந்துவிட்டதால் ஆற்றை ஒட்டிய குறுகிய காட்டுக்குள் அவை ஒடுங்கிவிட்டன. பார்க்கும்போது இதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு எட்டோஷாவுக்கு அடுத்தபடியாக நான் சொல்வது ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகள். பெரிய தரை வேட்டை விலங்குகள் இல்லாமலே பரிணமித்த உயிரினங்கள் என்பதால் அவை மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. கடல் உடும்புகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும். கடல் சிங்கங்கள் நீந்துபவர்களைச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும், அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்ற விதிகள் உண்டு. இங்கே மட்டும் மாதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

மலைக் கொரில்லாவைப் பற்றி யோசித்திருந்தால் இப்போதைக்கு விடுங்கள். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் 15 வயது நிரம்பாதவர்களை அனுமதிப்பதில்லை. மனிதரின் சளிக்காய்ச்சல் கொரில்லாவுக்குத் தொற்றும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் அங்கே நிற்க விடுவதும் இல்லை. நாலு வருடம் கழித்துப் போகலாம். அலாஸ்காவின் ப்ரூக்ஸ் அருவியில் சால்மன் பிடிக்கும் பழுப்புக் கரடிகளுக்கு ஜூலை, கனடாவின் சர்ச்சிலில் ஹட்சன் விரிகுடா உறைவதற்காகக் காத்திருக்கும் பனிக்கரடிகளுக்கு அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும். அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை தெற்குத் திமிங்கலங்களைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம்.

புலிதான் வேண்டும் என்றால் கான்ஹா, ரந்தம்போர், தடோபா, மாதம் ஏப்ரல் அல்லது மே. வெயில் கடுமையாக இருக்கும், அந்த வெயில்தான் புலியைத் தண்ணீரில் கொண்டுவந்து படுக்க வைக்கிறது. ஒரு சஃபாரி, இரண்டு சஃபாரி என்று போகாதீர்கள். ஒரே காட்டில் ஐந்து ஆறு முறையாவது உள்ளே போங்கள், முடிந்தால் ஒரே வழிகாட்டியோடு. நேற்று மாலை எந்த ஓடையில் புலி இறங்கியது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று காலை எங்கே காத்திருப்பது என்று தெரியும்.

இப்போது உங்களுக்கு நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். இரண்டு முறை மான்களை மட்டும் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மான்கள் என்ன செய்துகொண்டிருந்தன? தலை குனிந்து மேய்ந்தனவா, அல்லது எல்லாம் ஒரே திசையில் காதை நீட்டி நின்றனவா? முன்னங்காலால் தரையைத் தட்டினவா? புள்ளிமான் கூர்மையாகக் கூவினால், மரத்தில் லங்கூர் குரங்கு இருமுவது போலக் குரைத்தால், அருகே வேட்டை விலங்கு நகர்கிறது என்று பொருள். கடமான் குரல் கொடுத்துவிட்டால் அனுபவமுள்ள வழிகாட்டி அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். நான் கண்ட சிறுத்தைகளில் பெரும்பாலானவற்றை என் கண் கண்டுபிடிக்கவில்லை, மான்களும் குரங்குகளும்தான் காட்டிக்கொடுத்தன. அடுத்த முறை மான் கூட்டத்தைத் தாண்டி ஓட்டச் சொல்லாமல், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

விடியலுக்கு முன் பூங்கா வாசலில் நில்லுங்கள். வெயில் ஏறிய பிறகு விலங்குகள் நிழலுக்குப் போய்விடும், நீங்களும் போய் ஓய்வெடுங்கள், மூன்று மணிக்கு மேல் திரும்ப வாருங்கள். எட்டோஷா போன்ற வறண்ட இடங்களில் மட்டும் நடுப்பகலிலும் நீர்க்குட்டையில் நடமாட்டம் இருக்கும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விலங்குக்கு மிக அருகில் கொண்டு போவேன் என்று உறுதி தருபவரைத் தவிருங்கள். கென்யாவின் மசாய் மாராவில் சுற்றுலா வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் சிவிங்கிப்புலித் தாய்கள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் மிகக் குறைவு என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. இருபது வண்டிகள் சூழ்ந்தால் அதன் வேட்டை கெடும், குட்டி பட்டினி கிடக்கும். இது எனக்குப் பொறுக்காத விஷயம், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: ஏற்கெனவே நாலைந்து வண்டிகள் நின்றால் ஓட்டுநரிடம் வேறு பக்கம் போகச் சொல்லுங்கள். சிங்கக் குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாம், யானை மேல் ஏறலாம் என்று அழைக்கும் இடங்கள் காடு அல்ல. நினைத்த நேரத்தில் அந்த விலங்கு அங்கிருந்து விலகிப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அங்கே போகாதீர்கள்.

ஆப்பிரிக்கா போவதாக முடிவானால் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மலேரியா மாத்திரை, குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையா என்பதெல்லாம் போகும் நாட்டையும் மாதத்தையும் பொறுத்தது. அந்தத் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். மலேரியா அச்சமே வேண்டாம் என்றால் தென்னாப்பிரிக்காவின் ஆடோ யானைப் பூங்காவும் மடிக்வேயும் மலேரியா இல்லாத பகுதிகள்.

கேமராவைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் மூன்று வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. ஒன்றை மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தால், கைக்கு வருவதற்குள் சிறுத்தை புதருக்குள் போயிருக்கும். உங்கள் இருவருக்கும் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்), மகளுக்கு எடை குறைந்த 8×32. வாங்கும்போது அவளையும் கடைக்கு அழைத்துப் போங்கள். குழந்தைகளின் கண்களுக்கு இடையிலான தூரம் குறைவு. இரண்டு குழல்களும் அந்த அளவுக்கு நெருங்கி வந்து, அவளுக்கு இரண்டு வட்டமாக இல்லாமல் ஒரே வட்டமாகக் காட்சி தெரிகிறதா என்று அவள் வாயால் கேட்ட பிறகு வாங்குங்கள்.