வாசகர் கேள்வி: மூலப்பொருள் கையிருப்பு

கேள்வி: சேதராப்பட்டில் சிறிய மாத்திரை ஆலை நடத்துகிறோம். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் சமாளிக்க, எல்லாச் சரக்கையும் ஆறு மாதத்துக்கு வாங்கி வைக்கலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். பணம் முடங்கும், பாதிச் சரக்கு காலாவதியாகும். எது இல்லாவிட்டால் உற்பத்தி நின்றுபோகுமோ அதை மட்டும் சேர்த்து வையுங்கள்.

ஒரு கணக்கு: தினசரித் தேவை 40 கிலோ. ஆர்டர் போட்டுச் சரக்கு வர வழக்கமாக 45 நாள், மோசமான காலத்தில் 75 நாள். இடைவெளி 30 நாள். ஆகவே 1,200 கிலோ அவசர இருப்பு. வழக்கமான 45 நாளுக்கு 1,800 கிலோ வேண்டும்; இரண்டையும் கூட்டினால், கையிருப்பு 3,000 கிலோவுக்கு இறங்கியதுமே அடுத்த ஆர்டர் போக வேண்டும். 2020 மார்ச்சில் இந்தியாவே பாராசிட்டமால் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. எந்த நாடும் விதிக்கும். அப்போது 75 நாளும் போதாது, இரண்டாவது சப்ளையர்தான் கைகொடுப்பார்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாராசிட்டமாலை இரண்டு உள்நாட்டு நிறுவனங்களிடம் வாங்குவீர்கள். இருவருமே அதைத் தயாரிக்கத் தேவையான பாரா அமினோஃபீனால் என்ற மூலப்பொருளை ஒரே சீன ஆலையிலிருந்து தருவித்தால், உங்களுக்கு இருப்பது ஒரே சப்ளையர். அது எங்கிருந்து வருகிறது என்பதை இருவரிடமும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். புதிய சப்ளையரின் சரக்கில் செய்த மாத்திரைக்கு 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்து, கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலைப்புச் சோதனைக்கே ஆறு மாதம் ஆகும் என்பதால், நெருக்கடியில் தொடங்கிப் பயனில்லை. அச்சடித்த அலுமினியம் ஃபாயிலையும் பட்டியலில் சேருங்கள். அது தீர்ந்தாலும் பேக்கிங் நிற்கும்.