கிரே டேகரா, டார்க் டேகரா: பதிவை ஏன் மாற்றினார்கள்?

நீங்கள் பதிவு செய்த அந்துப்பூச்சியின் பெயரை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் படம் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் கிரே டேகர், டார்க் டேகர் என்ற இரண்டு இனங்களில் அது எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் 'கிரே டேகர்' என்று போட்டதைக் கென்ட் கவுண்டிப் பதிவாளர் (இங்கிலாந்தின் அந்த மாவட்டத்தில் வரும் பூச்சிப் பதிவுகளைச் சரிபார்ப்பவர்) 'கிரே அல்லது டார்க் டேகர்' என்று மாற்றியதுதான் சரி. பதிவைத் தள்ளிவிடவில்லை, கூட்டுப் பெயரில் அது கணக்கில் இருக்கும்.

சாம்பல் இறகில் அந்தக் கறுப்புக் கத்திக்குறி இரண்டு அந்துப்பூச்சிகளுக்கும் உண்டு. பின்னிறகு வெளுப்பாக இருந்தால் டார்க் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள், இரண்டிலும் நிறம் கூடும், குறையும். வளர்ந்த பூச்சி என்றால் பிறப்புறுப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உறுதி. அதற்காக ஒன்றைக் கொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். எனக்கு மனசு வராது.

புழுவைத் தேடுவதுதான் சுலபம். ஆகஸ்ட், செப்டம்பரில் ஹாதார்ன் என்ற முட்செடி வேலியையும் ஆப்பிள் மரத்தையும் பாருங்கள். கிரே டேகர் புழுவுக்கு முதுகு நெடுக அகலமான மஞ்சள் பட்டை ஓடும். தலைக்குக் கொஞ்சம் பின்னால் கறுப்புக் கொம்பு ஒன்று விரல் போல நிமிர்ந்து நிற்கும். டார்க் டேகரில் கொம்பு குட்டை, முதுகில் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்திருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுங்கள்.

எந்த மரத்தில் கிடைத்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஹாதார்னை இரண்டுமே தின்னும். அப்புறம், கிரே புழு கிடைத்துவிட்டது என்று விளக்குப்பொறியில் (வெளிச்சத்தால் பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் பெட்டி) விழுந்த பழைய பூச்சியையும் கிரே ஆக்கிவிடாதீர்கள். புழுவைத் தேதி, இடம், இருந்த செடி சேர்த்துத் தனிப் பதிவாக அனுப்புங்கள்.