கேபின் இருந்தால் காது தப்புமா?

கேள்வி: 12 வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறேன். இப்போது பிரேக்கர் மாட்டிப் பாறை உடைக்கும் வேலை. வண்டியை விட்டு இறங்கினால் ராத்திரி வரை காதில் 'ஙொய்' என்று இரைச்சல்; விடிந்தால் சரியாகிவிடுகிறது. "கேபினுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்னப்பா சத்தம்?" என்கிறார் மேற்பார்வையாளர். பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா ஐயா?

பதில்: விடிந்தால் சரியாகிவிடும் என்றுதான் தம்பி நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கட்டத்தில் விடிந்தும் சரியாகவில்லை. இன்றைக்கு போனை வலது காதில்தான் வைப்பேன். ஏன் இடது காது மட்டும் இவ்வளவு மோசம்? பொக்லைனில் கதவு இடப்பக்கம். உளி எங்கே இறங்குகிறது என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தே பழகியவன் நான்.

மேற்பார்வையாளர் சொல்வது பாதி சரி. கதவும் கண்ணாடியும் மூடி, ஓரத்து ரப்பர் கிழியாமல் இருந்தால் கேபின் நன்றாகவே காப்பாற்றும். திறந்தால் போச்சு. எவ்வளவு போச்சு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பல இடங்களில் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினால் தாங்கும் நேரம் பாதியாகிவிடும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 97க்கு வெறும் அரை மணி. கதவை மூடி 82 டெசிபலில் 7 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்குக் காது தாங்கும் அளவில் 44 சதவீதம்தான் செலவாகும். திறந்து வைத்து 97இல் ஒரு மணி நேரம் உடைத்தால்? அது மட்டுமே 200 சதவீதம்.

அதனால், வண்டிப் பக்கத்தில் நின்று போனில் ஒரு தடவை அளந்துவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். டோசிமீட்டர் என்று சின்னக் கருவி இருக்கிறது. அதன் மைக்கைத் தோளில், காதுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு முழு ஷிப்டும் ஓட்ட வேண்டும். கதவைத் திறந்த நேரமும் அதில் விழும். அப்படி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே ரப்பரையும் ஏசியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஏசி கெட்டால் கதவைத் திறக்காமல் யார் இருப்பார்கள்?

பஞ்சு வேண்டாம், பிரயோஜனமில்லை. பாட்டு கேட்கிற ஹெட்போனும் வேண்டாம்; பிரேக்கர் சத்தத்தை அமுக்க நீங்களே பாட்டைக் கூட்டி வைப்பீர்கள். காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரிகிற வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் போடாத கணக்குதான். அப்புறம், சத்தத்துக்குள் கழற்றாதீர்கள். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானைக்கூட 8 மணியில் அரை மணி கழற்றி வைத்தால் மொத்தப் பலன் 12 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும்.

கேட்புச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். லீவு நாள் முடிந்து, வண்டியில் ஏறுவதற்கு முன் காலையில் செய்யுங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு போனால் களைத்த காதைத்தான் அளப்பார்கள். சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் (கீச்சென்ற ஒலி) பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்; சத்தத்தால் காது கெடுவதன் அடையாளம் அது. இருந்தால் அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.